ஜாமீன் கிடைத்தும் சிறையா?

குற்றம் நிரூபிக்கப்படும் வரை எவரும் குற்றவாளியல்லர். சட்டத்தின் அரிச்சுவடி இது.

நடப்பது என்ன? 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர் என்று சர்க்காரே கணக்குக் கொடுத்தது. அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் எந்தத் தீர்ப்பும் பெறாதவர்கள்! தண்டனை பெற்றவனுக்கென்று கட்டிய சிறையில், தண்டனை பெறாதவனே நிறைந்து கிடக்கிறான்.

அவர்கள் அத்தனை பேரும் நிரபராதிகள் என்று வாதாட நாம் வரவில்லை. குற்றம் செய்தவன் தண்டனை பெறட்டும். ஆனால், தீர்ப்புக்குப் பின்னால் வரவேண்டிய தண்டனை, தீர்ப்புக்கு முன்னாலேயே வருவானேன்? அதுதான் நம் கேள்வி.

ஜாமீன் கொடுப்பதா மறுப்பதா என்பதைக் கோர்ட் எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்? ஜாமீனில் விடத்தக்க குற்றமென்றால் யோசனைக்கே இடமில்லை. அங்கே ஜாமீன் உரிமை. மற்றக் குற்றங்களில் நீதிபதி சீர்தூக்கிப் பார்க்கிறார். குற்றச்சாட்டு எவ்வளவு கடுமையானது? இவன் ஓடிவிடுவானா? சாட்சியை மிரட்டுவானா? தடயத்தை அழிப்பானா? பெண்ணா, நோயாளியா, உடல் தளர்ந்தவரா? இவைதான் கேள்விகள். ஜாமீனே விதி, சிறை விதிவிலக்கு என்று 1977-இல் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் வழிகாட்டினார்.

'உனக்கு நிலம் உண்டா, வீடு உண்டா' என்ற கேள்வி இந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறது? இல்லை! ஆனால், ஏழையைச் சிறை வாசலில் மறிப்பது அந்தக் கேள்விதான். ஜாமீன் உத்தரவு வந்துவிடும். அதன் கடைசி வரியில், சொத்துள்ள இருவர் ஜாமீன்தாரராக வரவேண்டும் என்றிருக்கும். மாடி வீட்டுக்காரன் மாலைக்குள் வீடு திரும்புவான். மண் சுமப்பவன் யாரை அழைத்து வருவான்? அவனுக்குத் தெரிந்தவர்களும் மண் சுமப்பவர்கள்தானே!

1978-இல் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவரை ஜாமீனில் விடச் சொன்னது சுப்ரீம் கோர்ட். மாஜிஸ்டிரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். கொத்தனாரின் உடன்பிறந்தவர் முன்வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று சொல்லி, அவரைத் தள்ளிவிட்டார் மாஜிஸ்டிரேட்! வழக்கு மீண்டும் கிருஷ்ணய்யர் முன் வந்தது. 1,000 ரூபாய்க்குச் சொந்த ஜாமீன் எழுதி வாங்கிக்கொண்டு விடுங்கள் என்றார் அவர். தமிழனோ மலையாளியோ பஸ்தாரிலும் சாந்தினி சௌக்கிலும் பிடிபட்டால், உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்றும் கேட்டார். இன்று திருப்பூரிலும் ஓசூரிலும் உழைக்கும் பீகார்த் தொழிலாளிக்கும் அந்தக் கேள்வி அப்படியே பொருந்தும்.

அடுத்த ஆண்டே பீகார்ச் சிறைகளின் அவலம் பத்திரிகையில் வந்தது. குற்றத்துக்குரிய உச்ச தண்டனையைவிட அதிக காலம், விசாரணையே இல்லாமல் அடைபட்டுக் கிடந்தார்கள் பலர். வக்கீல் கபிலா ஹிங்கோரானி அதைச் சுப்ரீம் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார். விரைந்த விசாரணை அடிப்படை உரிமை என்று நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். சிறைக் கதவுகள் திறந்தன.

இன்று சட்டம் இல்லாமலா இருக்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாயில் நுழையாத பெயர். ஆனால், உள்ளே இருப்பதைத் தொழிலாளி தெரிந்துகொள்ள வேண்டும். ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியாதவனை ஏழையென்றே கொண்டு, சொந்த ஜாமீனில் விட வேண்டும். 60 நாளிலோ, கடுங்குற்றமானால் 90 நாளிலோ குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிறது. உச்ச தண்டனையில் பாதிக் காலம், முதல் முறை சிக்கியவரானால் மூன்றில் ஒரு பங்கு, சிறையில் கழித்தவருக்காகச் சிறைச் சூப்பரிண்டெண்டே கோர்ட்டுக்கு எழுத வேண்டும். தூக்கு, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு உள்ளவனுக்கும் இல்லை என்று ஒரு கொக்கியும் போட்டிருக்கிறார்கள்.

சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் வாசலே குறுகியது. போலீஸ் தரப்புக் காகிதத்தைப் படித்து, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மையெனத் தோன்றினால் போதும், ஜாமீன் கிடையாது. திருச்சி மண்ணில் பிறந்து, ஜார்க்கண்டில் பழங்குடி மக்களுக்காக உழைத்த பாதிரியார் ஸ்டான் சுவாமி 2020 அக்டோபரில் கைதானபோது அவருக்கு வயது 83. கை நடுங்கும் நோயாளி. ஜாமீன் மனு ஹைகோர்ட்டில் நிலுவையில் இருக்கும்போதே, 2021 ஜூலை 5-இல் உயிர் நீத்தார். தீர்ப்பு வரவில்லை, மரணம் வந்தது!

தோழர்களே, ஆத்திரப்பட்டு ஆவதில்லை. காவலில் உள்ள எவருக்கும், வருமானம் எவ்வளவானாலும், இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்டு வாங்க வேண்டும். ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறை அதிகாரி அந்தக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தக் கோர்ட் தானாகவே பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. நம் வட்டாரத்தில் அப்படி அடைபட்டுக் கிடப்பவர் யார் யார்? பட்டியல் எடுப்போம், ஆணைக்குழுவின் கதவைத் தட்டுவோம். சொத்துள்ளவர்கள் ஜாமீன் நிற்க முன்வருவோம். ஆள் ஓடிவிட்டால் ஜாமீன்தாரர் தலையில் பணம் விழும். ஆகவே தெரிந்தவருக்கு நிற்போம், தேதி தவறாமல் அவரை அழைத்துச் செல்வோம்.

நிலமில்லாதவனுக்கும் நீதி உண்டு என்பது ஏட்டில் இருக்கிறது. அதைக் கோர்ட் வாசலுக்குக் கொண்டுவருவது நம் வேலை.