நிலவுக்கு நெய்தவர்கள்

பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆரணியைச் சொல்கிறேன். பட்டுக்குப் பேர்போன திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி வேறு. இங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் நேர்கோட்டில் 50 கிலோமீட்டருக்குள்தான். வானம் தெளிவாக இருந்தால் மொட்டைமாடியில் நின்று வடகிழக்கே பார்த்தால் போதும். முதலில் நெருப்பு மட்டும் ஏறும். ஏவுதளத்து முழக்கம் ஊர் வந்து சேர இரண்டேகால் நிமிடம் பிடிக்கும். 2023 ஜூலை 14 பிற்பகல் சந்திரயான்-3 கிளம்பியபோது, 127-வது வினாடியிலேயே பக்கவாட்டு பூஸ்டர்கள் இரண்டும் எரிந்து முடிந்து கழன்றுவிட்டன. முதல் சத்தம் ஆரணியை எட்டும் முன்பே!

இந்தப் பக்கத்துக்குப் பழகிய இன்னொரு சத்தம், தறிச் சத்தம். ராக்கெட்டுக்கும் தறிக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு அப்போலோ கணினியைத்தான் காட்டுவேன்.

மனிதனை நிலவில் இறக்கிய அந்தக் கணினியின் நினைவகம் நெய்யப்பட்டது. உவமைக்குச் சொல்லவில்லை, கையால் நெய்தார்கள். பொடிப்பொடியான காந்த வளையங்கள் வரிசையாக இருக்கும். மெல்லிய செம்புக் கம்பி ஒரு வளையத்துக்குள் நுழைந்து போனால் அது 1. வெளியே ஒதுங்கிப் போனால் 0. ஒரே வளையத்தோடு 192 கம்பிகள் வரை கணக்கு வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் வால்தம் நகரில் ரேதியான் தொழிற்சாலைப் பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து, கம்பி கோத்த நீள ஊசியை நாடா போல இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டார்கள். எந்த வளையத்தில் நுழைக்க வேண்டும் என்பதை, ஓட்டை போட்ட காகித நாடாவைப் படித்து இயந்திரம் காட்டும்.

ஜக்கார்டு பெட்டி வைத்து நெய்பவர்களுக்கு இது புதிதல்ல. அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி பாவு நூலைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. புட்டாவும் மயிலும் விழுவது அப்படித்தான். அங்கே விழுந்தது நிலவுக்கு வழி.

மொத்தக் கொள்ளளவு சுமார் 72 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரிதாக இருக்கும். ஆனால் ஒரு கம்பி இடம் மாறினால் நிரலே பிழை. பிரித்துச் சரிசெய்வது லேசுப்பட்ட காரியமல்ல. மார்கரெட் ஹாமில்டன் குழு எழுதிய நிரலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதை இழை இழையாகக் கோத்த பெண்களின் பெயர்கள் பெரும்பாலோருக்குத் தெரியவில்லையே என்பது எனக்கு ஆற்றாமைதான்.

விண்வெளி உடையும் அப்படியே. ஆம்ஸ்ட்ராங் அணிந்ததைத் தைத்தது, பெண்களின் உள்ளாடைக்குப் பெயர்பெற்ற நிறுவனத்தின் தையல் பெண்கள். இருபத்தொரு அடுக்கு, தையல் அரை மில்லிமீட்டர்கூடப் பிசகக் கூடாது. குண்டூசி ஒன்று உள்ளே தங்கிவிட்டால் ஆளே போய்விடுவார் என்பதால், உடையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். 2024 அக்டோபரில் மிலான் நகரில், ஆக்ஸியம் நிறுவனமும் பிராடா என்ற ஃபேஷன் நிறுவனமும் சேர்ந்து நிலவில் நடப்பதற்கான புதிய உடையைக் காட்டியபோது பலர் வியந்தார்கள். தையல்காரர்கள் வியந்திருக்க மாட்டார்கள்.

நெசவும் தையலும் தேவைக்காக விண்வெளிக்குப் போனவை. பாட்டு அப்படியல்ல, அது இல்லாவிட்டாலும் வாயேஜர் விண்கலம் ஓடியிருக்கும். இருந்தும் வானியலாளர் கார்ல் சேகன் குழு, அதில் வைத்து அனுப்பிய தங்க முலாம் பூசிய செப்புத் தட்டில் 27 இசைத் துண்டுகளை ஏற்றியது. அதில் கேசர்பாய் கேர்கர் பாடிய பைரவி ராகப் பாடல் ஒன்று உண்டு. 55 மொழிகளில் வணக்கமும் சொன்னார்கள். தெலுங்கு இருக்கிறது, கன்னடமும் சிங்களமும் இருக்கின்றன, தமிழ் இல்லை. இன்றைக்கும் அது மனசில் உறுத்துகிறது.

வாயேஜர்-1 கிளம்பியது 1977 செப்டம்பர் 5. பதினொரு நாள் கழித்து, 16-ம் தேதி, கேசர்பாய் காலமானார். அவர் குரல் இப்போது 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் போய்க்கொண்டிருக்கிறது.