கண்ணாடி இறங்காத கார்

பழைய கார் வைத்திருப்பதும் வீட்டில் பசு வைத்திருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். வேளைக்குத் தீனி போட வேண்டும்; முகம் வாடினால் ஏன் என்று கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் சமயம் பார்த்து உதைக்கும். எங்கள் எதிர்வீட்டு மாமியின் கார் சென்ற வருஷம் சித்திரை மாதத்தில் அப்படித்தான் உதைத்தது.

2004-ஆம் வருஷம் மாமா ஆசையாக வாங்கிய சின்னக் கார் அது. ஓட்டுவது, துடைப்பது, வைத்தியம் பார்ப்பது எல்லாம் அவரே. பிறகு பக்கவாதம் வந்து அவருடைய வலது கையும் காலும் சோர்ந்துவிட்டன. எப்போதோ கற்றுக்கொண்டு மறந்திருந்த வண்டியோட்டத்தை மாமி மறுபடி கையில் எடுத்தார். நங்கநல்லூரிலிருந்து அடையாறுக்கு வாரம் மூன்று நாள், மாமாவைச் சிகிச்சைக்கு அழைத்துப் போய் வர வேண்டுமே!

அன்று மத்தியானம் கிண்டி அருகே வண்டிகள் நகராமல் நின்றன. அதுவரை குளிர்ந்து வந்த ஏர்-கண்டிஷன் காற்று மெல்லச் சூடாகி, பிறகு அனலாகவே அடித்தது. "உங்க பக்கத்துக் கண்ணாடியை இறக்குங்கோ" என்றார் மாமி. அது இறங்கவில்லை. பஸ் ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றதால் கதவையும் திறக்க முடியவில்லை. மாமாவின் முகம் வெளுத்து, தலை சாய்ந்துவிட்டது. மாமி தம் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, புடவைத் தலைப்பை நனைத்து அவர் முகத்தைத் துடைத்தபடியே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் ஒரு பட்டறையில், "கம்ப்ரஸர் போய்விட்டது, கண்ணாடி மோட்டாரும் மாற்ற வேண்டும். காரே அந்த விலை பெறாது, அம்மா. விற்றுவிடுங்கள்" என்றார்கள்.

"விற்கலாம்தான்" என்றார் மாமி என்னிடம். "ஆனால் இந்த ஸீட்டின் உயரம் அவருக்குப் பழகியிருக்கு. தானே உட்கார்ந்து தானே எழுந்துக்கிறார். வேற வண்டின்னா இரண்டு பேர் தூக்கி வைக்கணும். அது அவருக்கு எப்படி இருக்கும், சொல்லு!"

அன்று சாயங்காலம் வாசலில் நாற்காலி போடப்பட்டது. மாமா அதில் அமர்ந்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, மாமி செய்தார். நான் விளக்குப் பிடித்தேன். அன்று கற்றதும், பிறகு விசாரித்து அறிந்ததும் உங்களுக்கும் பயன்படும்.

இது வெறும் சௌகரிய விஷயம் அல்ல

வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் முதல் 10 நிமிஷத்திலேயே உஷ்ணம் 10 டிகிரி ஸெல்ஸியஸ் வரை ஏறிவிடும். வெளியே 35 டிகிரி என்றால், ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே 50-ஐத் தாண்டும். கண்ணாடியை ஓரிரு அங்குலம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தையின் உடம்பு நம் உடம்பைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடேறும். வயோதிகர்களுக்கும் நோயாளிகளுக்கும் தாங்கும் சக்தி குறைவு. ஆகையால், "ஒரு நிமிஷம் கடைக்குப் போய் வருகிறேன்" என்று எவரையும் காரில் விட்டுப் போகாதீர்கள். கண்ணாடி இறங்கவில்லை என்றால், "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடவும் கூடாது.

வேலைக்கு முன்னே சில எச்சரிக்கைகள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், பின்னலை முடிந்துகொள்ளுங்கள். வளையல், மோதிரம், தாலிச் சங்கிலி எதுவும் பாட்டரியின் அருகே தொங்கக் கூடாது. உலோகம் பட்டால் மின்சாரம் குறுக்கே பாய்ந்து கை வெந்துவிடும். முன்னால் இருக்கும் விசிறி, எஞ்ஜினை நிறுத்திய பிறகும் தானாகச் சுழலக்கூடும். அதனிடம் விரலை நீட்டாதீர்கள். எஞ்ஜினை ஓட்டிப் பார்ப்பதானால் திறந்த வெளியில்தான். மூடிய ஷெட்டில் புகை உயிரைக் குடித்துவிடும்.

கண்ணாடி ஏன் மக்கர் செய்கிறது?

முதலில் ஓட்டுநர் கதவில் உள்ள பூட்டுப் பொத்தானைப் பாருங்கள். குழந்தைகள் கண்ணாடியோடு விளையாடாமல் இருக்க வைத்த பூட்டு அது. யாராவது தெரியாமல் அமுக்கியிருந்தால் மற்ற கண்ணாடிகள் அசையமாட்டா. இதற்காகவே பட்டறை வரை போய் அசடு வழிந்தவர்கள் உண்டு!

அடுத்தது, காதைக் கதவில் வைத்து ஸ்விட்சை அமுக்குங்கள். உள்ளே மோட்டார் உறுமுகிறது, கண்ணாடி மட்டும் நகரவில்லை என்றால், கண்ணாடியைத் தூக்கும் கம்பிக் கயிறு அறுந்திருக்கலாம். பல் சக்கரம் தேய்ந்திருக்கலாம். சத்தமே இல்லை என்றால் ப்யூஸ், ஸ்விட்ச், ஒயர் ஆகியவற்றில் ஒன்று. அதே கண்ணாடியை ஓட்டுநர் பக்கத்து ஸ்விட்சால் இயக்கிப் பாருங்கள். அங்கே வேலை செய்து இங்கே செய்யாவிட்டால் பெரும்பாலும் ஸ்விட்சில் கோளாறு. கதவுக்கும் உடலுக்கும் இடையே ரப்பர் உறைக்குள் போகும் ஒயர்களையும் மறக்காதீர்கள். கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, வருஷக் கணக்கில் மடங்கும் இடம் அது. அங்கே அறுவது சகஜம்.

மாமியின் காரில் கதை வேறு. கண்ணாடி அரை அங்குலம் இறங்கி, முனகி, நின்றது. "ரப்பர்" என்றார் மாமா. ஆமாம், கண்ணாடி வழுக்கிச் செல்லும் ரப்பர்ப் பள்ளம்தான் குற்றவாளி. இருபது வருஷத்துப் புழுதியும் வெயிலும் அதைக் காய்ந்த கருவாடாக்கியிருந்தன. கண்ணாடியை இழுத்துப் பிடித்துக்கொண்டது அது. இழுபறியில் சூடேறியது மோட்டார். அதிகம் சூடேறினால் தானே நின்றுவிடும் பாதுகாப்பு பல மோட்டார்களில் உண்டு. சற்று ஆறினால் மறுபடி ஓடும். பட்டறைக்காரர் பார்த்தபோது அது ஓய்வில் இருந்திருக்க வேண்டும்!

சிகிச்சை சுலபம். தட்டையான ஐஸ்க்ரீம் குச்சியில் மெல்லிய ஈரத் துணியைச் சுற்றி, பள்ளத்தின் முழு நீளத்துக்கும் துடையுங்கள். துணி கறுப்பாக வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு, சிலிக்கோன் ஸ்ப்ரே கொஞ்சம் அடித்து, கண்ணாடியை ஐந்தாறு தரம் ஏற்றி இறக்குங்கள். தேங்காய் எண்ணெய், எஞ்ஜின் எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். கனிம எண்ணெய் ரப்பரை உப்ப வைக்கும்; எந்தப் பிசுக்கானாலும் புழுதியைச் சேர்த்துப் பசையாக்கும்.

கண்ணாடி கதவுக்குள் விழுந்தேவிட்டால்? கதவின் உள்பலகையைக் கழற்றத்தான் வேண்டும். அது தெரிந்தவர் வேலை. நடுவழியில் அப்படி நேர்ந்து, கண்ணாடியின் விளிம்பு கைக்கு எட்டினால், இரு உள்ளங்கைகளாலும் இருபுறமும் அழுத்திப் பிடித்து மெல்ல மேலே தள்ளி, அகலமான டேப்பால் கதவின் சட்டத்தோடு சேர்த்து ஒட்டிவிட்டு வீடு சேரலாம். கதவுக்குள் கையை விட்டுத் தூக்கி இயந்திரத்தைத் தடவாதீர்கள்; சில வகைகளில் வில் கம்பி இறுகி இருக்கும். விரலைக் கொண்டுபோய்விடும்.

மழைக் காலத்தில் கதவுக்குள் "களக் களக்" என்று தண்ணீர்ச் சத்தம் கேட்டால், கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறு துவாரங்கள் அடைத்திருக்கின்றன என்று அர்த்தம். ஒரு துடைப்பக் குச்சி போதும். அலட்சியம் செய்தால் கதவு துருப்பிடித்து, மோட்டாரும் போகும்.

குளிர் எங்கே போயிற்று?

காரில் குளிர்சாதனம் வைக்கும் யோசனை பழையது. அமெரிக்காவில் பாக்கார்டு கம்பெனி 1939-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை நிறுத்த வேண்டுமானால் வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து, பெல்ட்டையே கழற்ற வேண்டுமாம்! நம்முடையதில் ஒரு பொத்தான் போதும். தத்துவம் மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

ஊசி போடும்போது நர்ஸ் தடவும் ஸ்பிரிட், ஆவியாகிக் கையைக் குளிர வைக்கிறது அல்லவா? அது போலவே ஒரு வாயு, காரின் உள்ளே ஆவியாகிக் காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு கம்ப்ரஸர் அதை அமுக்கி, காரின் முன்புறம் உள்ள கண்டென்ஸர் என்ற சல்லடைக்கு அனுப்புகிறது. அங்கே சூட்டை வெளியே கொட்டிவிட்டு, வாயு திரவமாகி மறுபடி உள்ளே வருகிறது. ஆகவே உள்ளே குளிர வேண்டுமானால், முன்னே சூடு வெளியேற வேண்டும்.

இப்போது மாமியின் காருக்கு வருவோம். ஓடும்போது குளிர்ச்சி, நின்றால் சூடு. இதைக் கேட்டவுடனே மாமா, "விசிறி" என்றார். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே சல்லடையை ஆற்றிவிடும். நின்ற வண்டிக்கு விசிறிதான் கதி. எஞ்ஜினை ஓட்டி ஏர்-கண்டிஷனைப் போட்டு, எட்டி நின்று பார்த்தோம். விசிறி சுற்றவில்லை. ப்யூஸ் பெட்டியின் மூடியில் உள்ள படத்தைப் பார்த்து அதற்குரிய ப்யூஸை எடுத்தால், உள்ளே கம்பி அறுந்திருந்தது. கடையில் இருபது ரூபாய்க்கு வந்தது புதுசு. பட்டறை சொன்ன கம்ப்ரஸருக்கு ஒரு குறையும் இல்லை!

ப்யூஸ் விஷயத்தில் ஒரு வார்த்தை. நிறமே அதன் அளவு: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. இருந்த நிறத்தையே போடுங்கள். பெரியதைப் போடுவதும், செம்புக் கம்பியைச் சுற்றுவதும் காருக்குக் கொள்ளி வைப்பதற்குச் சமம். புதுசும் உடனே அறுந்தால், விசிறி மோட்டாரில் கோளாறு. அப்போது எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.

மற்ற வேலைகள் இல்லத்தரசிக்குப் புதியவை அல்ல. எல்லாம் சுத்தம் செய்வதுதான். முன் சல்லடையில் பூச்சியும் புழுதியும் அடைத்திருந்தால், எஞ்ஜின் ஆறிய பிறகு, குழாயில் மெல்லிய தாரையாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பீய்ச்சி அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். உள்காற்றை வடிகட்டும் பில்டர் இருக்கும் கார்களில், பெரும்பாலும் முன் ஸீட்டில் அமர்பவர் எதிரே உள்ள சிறு பெட்டிக்குப் பின்னால் அது இருக்கும். அழுக்கேறினால் மாற்றுங்கள். காற்று பலமில்லாமல் வருவதற்கு அதுவே முதல் காரணம்.

காலடி விரிப்பு நனைகிறதா? குளிர்ந்த பாகத்தில் சேரும் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தால் பயப்படாதீர்கள், அதுதான் ஆரோக்கியம். பழைய துணி நாற்றம் வருகிறதா? ஈரத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது. வீடு வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்பு குளிரை நிறுத்தி, காற்றை மட்டும் ஓடவிட்டு உள்ளே உலர்த்துங்கள். வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியேற்றி, பிறகு மூடி, உள்காற்றையே சுழற்றும் பொத்தானைப் போடுங்கள். குளிர் சீக்கிரம் வரும்.

இந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள்

"காஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும்" என்று யாராவது சொன்னால், "எங்கே கசிகிறது?" என்று கேளுங்கள். அது பெட்ரோல் அல்ல, ஓட ஓடத் தீருவதற்கு! மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. மிகவும் குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் எடுப்பதுதான்.

ஆனால் அந்தக் குழாய்களை நீங்களே ஒருபோதும் திறக்க வேண்டாம். 2004-ஆம் வருஷத்துக் காரில் இருப்பது ஆர்-134ஏ என்ற வாயு. அது சாதாரண அழுத்தத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகும். தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். காற்றில் விட்டால் பூமியைச் சூடேற்றுவதில் கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் வலியது. இந்த வேலைக்கு, வாயுவை உறிஞ்சிச் சேமிக்கும் இயந்திரம் உள்ள பட்டறைதான் தகுதியானது.

எது நம் வேலை, எது நம் வேலை இல்லை என்று தெரிந்துகொண்டால் போதும். பட்டறைக்குப் போகும்போது, "ஏதோ சரியில்லை" என்பதற்குப் பதிலாக, "ஓடும்போது குளிர்கிறது, நின்றால் இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சின் தோரணையே மாறிவிடும். சமயத்தில் பில்லும் மாறும்.

இரண்டாம் நாள் சாயங்காலம், ரப்பர் துடைத்து முடிந்ததும், மாமி மாமாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து அவருடைய ஸீட்டில் உட்கார வைத்தார். இடது பக்கக் கதவு. நல்ல வேளையாக அவருக்கு நன்றாக இருப்பதும் இடது கை. மாமா ஸ்விட்சைத் தொட்டார். கண்ணாடி வழுக்கிக்கொண்டு இறங்கியது. மறுபடி ஏற்றினார், மறுபடி இறக்கினார். ஏழெட்டுத் தடவை இருக்கும்.

"போதும், பாட்டரி தீர்ந்துடப் போறது" என்றார் மாமி.

"இன்னும் ஒரு தரம்" என்றார் மாமா, தெளிவாக.