வணிகப் பட்டமும் நம் பிள்ளைகளும்

விஞ்ஞானம் வராத பிள்ளைக்கே வணிகம் என்று நம்மூரிற் சிலர் இன்றும் கூறுவர். உயர்தரத்திலே கணக்கீடு, பொருளியல், வணிகக் கல்வி மூன்றையும் ஒருங்கே கற்றவர் அவ்வாறு கூறமாட்டார்.

சாம்பல்தீவாருக்கு ஒரு வசதி உண்டு. நிலாவெளி வீதியிலே சிறிது தூரம் சென்றால், கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம்; அங்கே வணிகக் கற்கைகளுக்கும் இடமுண்டு. ஆனால் அண்மையில் உள்ளதென்பதற்காகவே அதனை முதலில் எழுதுவதும், கொழும்பு என்றாலே மேலென மயங்குவதும் ஒரே பிழைதான்.

பட்டத்தின் பெயரையும் நோக்குக. யாழ்ப்பாணத்திலே வணிகமாணி, வியாபார நிர்வாகமாணி ஆகிய இரண்டும் உள. பொதுவாக முன்னதிலே கணக்கும் வரியும் சட்டமும் மிகும். பின்னதிலே ஆட்களை நடத்துதலும் சந்தைப்படுத்தலும் மிகும். பேரேட்டைக் கண்டாலே சலிக்கும் பிள்ளையை முன்னதிற் சேர்த்து என்ன பயன்?

அனுமதியிலே 40 சதவீதம் நாடளாவிய திறமைக்கு, 55 மாவட்டங்களுக்கு, எஞ்சிய 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலையும் அவற்றுள் ஒன்று. விரிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலே நிகழ்வதால், பெறுபேறு வருமட்டும் கிடைக்கும் மாதங்களை அம்மொழிக்கே கொடுத்தல் நன்று. தந்தையாரின் மீன் வியாபாரத்துக்கு வரவு செலவு எழுதிப் பார்ப்பதும் சிறந்த பயிற்சியே.

பெண்பிள்ளையைத் தொலைவுக்கு அனுப்ப அஞ்சும் பெற்றோர், விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை நிரப்புமுன் அவளையும் ஒரு வார்த்தை கேட்பார்களாக. இசட் புள்ளிக்கு அடுத்தபடி அவ்வரிசையே இடத்தைத் தீர்மானிக்கிறது.