இரண்டு உருவம் ஒன்றானால் தூரம் சரி!

மாணவர்களே, விரலை மூக்கருகே கொண்டுவாருங்கள். கண்கள் உள்நோக்கித் திரும்புகின்றன அல்லவா? 2022-இல் மீண்டும் வெளிவந்த லைக்கா எம்6 பிலிம் காமிராவும் தூரத்தை இப்படித்தான் அறிகிறது.

நண்பரிடம் அதை இரவல் வாங்கி, உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் குடவோலைத் தேர்தலைக் கூறும் பராந்தக சோழன் கல்வெட்டை நோக்கினேன். பார்வைச் சன்னலின் நடுக்கட்டத்தில் எழுத்துக்கள் இரட்டையாகத் தெரிந்தன! காமிராவின் முகப்பில் சுமார் 7 செ.மீ. இடைவெளியில் இரு சன்னல்கள். இரண்டின் காட்சியும் அங்கே சேர்கின்றன. லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப ஒரு காட்சி நகர்கிறது. இரண்டும் பொருந்தினால் தூரம் சரி. முக்கோணக் கணக்கேதான். தொலைவிலுள்ள பனைமரத்துக்குக் கோணம் மிகச் சிறிது. அங்கே தூரத்தைத் துல்லியமாக அளப்பது கடினம்.

ஒரு சங்கடம்: நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல. ஒளியளவியின் சிவப்பு அம்பு எச்சரித்தும், லென்ஸ் மூடியைக் கழற்றாமலே மூன்று படங்கள் எடுத்துவிட்டேன்.