"நீங்கள் இருங்கோ, நான் எடுத்துத் தாறன்"

லண்டனின் தென்மேற்கே, மோர்டன் பகுதித் தமிழ் வீடுகளில் அம்மம்மா நாற்காலியை விட்டு எழும்பினால் உடனே ஒரு குரல் வரும்: "நீங்கள் இருங்கோ, நான் எடுத்துத் தாறன்." விழுந்துவிடுவாரோ என்ற பயம்தான் காரணம். ஆனால் விழாமல் தடுக்கும் வழியைத் தேடிய பிசியோதெரபிஸ்டுகள் சொல்வது, அவரை எழும்ப விடுங்கள் என்பதே.

பயத்திலும் நியாயம் உண்டு. பிரிட்டனில் 65 வயது கடந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். 80 கடந்தவர்களில் பாதிப் பேர். மோர்டனை ஒட்டிய செயின்ட் ஹீலியர் குடியிருப்பு, இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் எழுந்த மாடி வீடுகளால் ஆனது. இப்படிப்பட்ட வீட்டில் படுக்கப் போகவே படியேற வேண்டும்.

தடுக்கியவரைக் காப்பாற்றுவது, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முன்னே வைக்கும் ஓர் அடி. அதை வைக்க வேகமாகச் சுருங்கும் தசைநார்கள் வேண்டும். முதுமையில் அதிகம் மெலிபவை அவைதான். உட்கார்ந்தே இருந்தால் இன்னும் விரைவாக மெலியும். நம்மவரிடம் பரவலாக உள்ள சர்க்கரை நோய் பாதத்தின் உணர்வையும் மழுக்குகிறது. கால் எங்கே இருக்கிறது என்பதே மூளைக்குச் சரியாக எட்டுவதில்லை. பிரஷர் மாத்திரை எடுப்பவருக்குச் சட்டென்று எழும்போது தலை சுற்றலாம். அதை மருத்துவரிடம் சொல்லாமல் "வயசு போயிட்டுது" என்று விட்டுவிடுவதுதான் நம் வழக்கம்.

நியூசிலாந்தின் ஒடாகோ மருத்துவப் பள்ளியில் ஜான் கேம்பெல் குழுவினர் 80 வயது கடந்த 233 பெண்களிடம் ஒரு சோதனை நடத்தி, 1997இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேரின் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் போய், கணுக்காலில் எடை கட்டித் தூக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, பின்பக்கமாக நடப்பது போன்றவற்றைக் கற்றுக்கொடுத்தார். ஓராண்டில் அவர்களிடையே 88 விழுகைகள். மற்றப் பாதியில் 152. இயந்திரம், ஜிம் எதுவும் தேவைப்படவில்லை. பல நாடுகளின் 108 ஆய்வுகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பீடும், உடற்பயிற்சி விழுகைகளை 23 சதவீதம் குறைப்பதாகக் கண்டது.

"நான் ஒவ்வொரு நாளும் மோர்டன் ஹால் பூங்காவிலே நடக்கிறனே" என்பார் தாத்தா. நல்லதுதான், இதயத்துக்கும் சர்க்கரைக்கும். ஆனால் நடை மட்டும் விழுகையைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று அந்தத் தொகுப்பில் இல்லை. உடல் கொஞ்சம் தள்ளாட வேண்டும், அதைச் சமாளித்து நிமிர வேண்டும். சமநிலை பழகுவது அப்படித்தான். குசினித் தொட்டியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பது, கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழுவது இரண்டும் தொடங்க ஏற்றவை. ஏற்கெனவே விழுந்தவர் முதலில் ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) சொல்லி, பிசியோவின் கண்முன்னே தொடங்குவது நல்லது.

எலும்பு முறிவு வேறு கதை. இங்கிலாந்தில் 70 வயது கடந்த ஆயிரக்கணக்கானோரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், ஆபத்து அதிகமுள்ளவரைக் கண்டறிந்து பயிற்சி கொடுத்தும், தபாலில் ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட முறிவுகள் குறையவில்லை. எலும்பு மெலிந்திருந்தால் அதற்குத் தனி வைத்தியம் வேண்டும்.

பலரும் மறக்கும் பாடம் ஒன்று இருக்கிறது: விழுந்தபின் எழுவது. பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, நான்கு காலில் தவழ்ந்து, கதிரையைப் பிடித்து ஒரு காலை ஊன்றுவது. பிசியோ இதைப் படிப்படியாகப் பழக்குவார். தெரியாதவர், அடிபடாவிட்டாலும் தரையிலேயே மணிக்கணக்கில் கிடக்க நேரலாம். தசை சிதையும், உடலில் நீர் வற்றும். உதவி கேட்டு அழுத்தும் அழைப்பு மணி இருக்கிறதே என்று பிள்ளைகள் சொல்வார்கள். கேம்பிரிட்ஜில் 90 கடந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2008இல் வெளியான ஆய்வில், நெடுநேரம் தரையில் கிடந்தவர்களில் பெரும்பாலானோர் மணி இருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை. சிலருக்கு அதைக் கழுத்தில் போடும் பழக்கமே இல்லை. வேறு சிலர், தெரிந்தேதான் அழுத்தாமல் விட்டார்கள்.