ஆறு குரங்குகள், ஆறு ஆண்டுகள்

மருந்து வந்த வழி – 7

சென்ற வாரம் எலியோடு நிறுத்தினோம். எலியால் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்று உண்டு: வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு மரபணு மருந்து கொடுத்தால், அது பிறந்து வளர்ந்தபின் என்ன ஆகும்? எலிக்குக் கர்ப்பம் மூன்றே வாரம். ஒரே ஈற்றில் பல குட்டிகள். நீண்டவால் குரங்குக்கு ஐந்து மாதத்துக்கும் மேல். பெரும்பாலும் ஒரே குட்டி. நஞ்சுக்கொடியும் ஏறத்தாழ நம்முடையதைப் போலத்தான்.

தேக்கா சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில் புக்கிட் தீமா சாலையில் இருக்கிறது கேகே மருத்துவமனை. அங்கும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றும் மருத்துவர்கள் ஜெரி சான், சித்ரா மத்தார் ஆகியோர் லண்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். நோய், ஹீமோஃபிலியா பி. ரத்தம் உறைவதற்கான ஒன்பதாம் காரணி போதாமல் பிறக்கும் பிள்ளைகளுக்கு மூட்டுக்குள் ரத்தம் கசிந்து கசிந்து மூட்டே முடங்கிவிடும். அந்தச் சேதம் தொடங்குமுன், பிறக்கும் முன்பே காப்பு கொடுக்க முடியுமா?

ஸ்கேன் திரையைப் பார்த்தபடி தாய்க்குரங்கின் வயிற்றின் வழியே மெல்லிய ஊசியைச் செலுத்தி, சிசுவின் கல்லீரலுக்குள் ஓடும் தொப்புள் நாளத்தில் மருந்தை விட்டார்கள். மனித மரபணுவைச் சுமந்து செல்லும், நோய் தராத ஏஏவி வைரஸ்தான் மருந்து. பிறக்கும் முன் ஒரே ஒரு முறை.

இப்படி மருந்து பெற்றுப் பிறந்த ஆறு குட்டிகளையும் சுமார் 74 மாதங்கள் கண்காணித்தார்கள். 2017இல் முடிவு வெளிவந்தது. நான்கு குரங்குகளின் ரத்தத்தில் காரணியின் அளவு 3.9 முதல் 120 சதவீதம் வரை இருந்தது. ஒரு சதவீதத்தைத் தாண்டினாலே நோயின் கடுமை குறையும். நச்சு விளைவு எதுவும் தென்படவில்லை.

அதோடு முடித்திருந்தால் நல்ல செய்தி மட்டுமே மிஞ்சியிருக்கும். கல்லீரல் திசுவைச் சோதித்தபோது, மருந்தின் மரபணு குரங்கின் மரபணுத் தொகுதிக்குள் அங்கங்கே செருகிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் குவியவில்லை என்பது ஆறுதல். ஆனாலும் பின்னாளில் மரபணுச் சேதம் வரக்கூடும், சந்ததிக்கும் கடந்து போகக்கூடும், ஆகவே ஆயுள் முழுக்கக் கண்காணிக்க வேண்டும் என்று அவர்களே எழுதினார்கள். இந்த ஆய்வில் நான் மிகவும் மதிப்பது இந்த நேர்மையைத்தான்.

குரங்கு தாங்கியது என்பதற்காக மனிதரும் தாங்குவார் என்று சொல்லிவிட முடியாது. 2006 மார்ச்சில் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தை ஆறு தன்னார்வலர்களுக்குச் செலுத்தினார்கள். அதைப் போல 500 மடங்கு அளவை இதே இனக் குரங்குகள் தாங்கியிருந்தன. ஆறு பேருக்கும் சில மணி நேரத்தில் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. உயிர் பிழைத்ததே பெரிது. அந்த மருந்து பற்றிக்கொள்ளும் ஏற்பி, மனிதரின் ஒரு வகை நோயெதிர்ப்பு அணுக்களில் (டி அணுக்கள்) உண்டு. குரங்கின் அதே வகை அணுக்களில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இன்னொரு பக்கம், 2022இல் நீண்டவால் குரங்கு அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. டிஜிஎன்1412 போன்ற மருந்துகளுக்குக் குரங்கைத் தவிர்க்க முடியுமென்றால் உடனே தவிர்க்க வேண்டும். ஆனால் கருப்பைக்குள் நடப்பதை அறிய முழுமையான மாற்று இன்னும் வரவில்லை. அதனால் இந்த ஆறு குரங்குகளின் ஆய்வை நான் ஏற்கிறேன்.

சிங்கப்பூரின் வழிகாட்டி நெறிகளின்படி, விலங்கு ஆய்வுக்கு ஒப்புதல் தரும் குழுவில் அறிவியல் துறை சாராதவருக்கும், நிறுவனத்தைச் சேராதவருக்கும் இடம் உண்டு. நீங்கள் ஆசிரியராகவோ வழக்கறிஞராகவோ இருக்கலாம். அழைப்பு வந்தால் தட்டாதீர்கள். வலியை எப்படித் தணிப்பீர்கள், ஆய்வு முடிந்தபின் அந்தக் குரங்கு எங்கே போகும் என்று கேளுங்கள். பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

(தொடரும்)