எட்டுத் தேனீப் பெட்டி, பத்து ஏக்கர் நிலம்

சிறு நிலத்துக்கு விவசாய வரிச் சலுகை: டெக்சாஸ் சட்டம் கேட்பது என்ன?

ஏப்ரல் மாதத்தின் ஒரு காலை. டெக்சாஸில் ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் இடையே இருக்கிறது நண்பரின் நிலம். வலை முகமூடி அணிந்து, புகையூட்டியால் இரண்டு முறை புகை விட்டுப் பெட்டியைத் திறந்தார். குஞ்சுகள் நிறைந்த சட்டம் ஒன்றை உருவி, ராணித் தேனீ அதில் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு அரைக் கோப்பை அளவுக்குத் தேனீக்களைக் கண்ணாடிப் புட்டியில் சேகரித்தார். அந்த அளவில் ஏறக்குறைய 300 தேனீ இருக்கும். பொடித்த சர்க்கரை இரண்டு கரண்டி போட்டு, வலை மூடியால் மூடி மெதுவாக உருட்டினார். இரண்டு நிமிடம் கழித்து வெள்ளைத் தட்டின் மேல் புட்டியைக் கவிழ்த்துக் குலுக்கினார்.

சர்க்கரையோடு சில புள்ளிகளும் விழுந்தன. கேழ்வரகு நிறம், கூர்ந்து பார்த்தால் கால் இருப்பது தெரியும். தேனீக் கூட்டத்தையே அழிக்கக்கூடிய வரோவா உண்ணிகள் அவை.

“நாலுதான் இருக்கு அண்ணே. நூத்துக்கு மூணைத் தாண்டினா மருந்து வைக்கணும். இப்போதைக்குப் பயமில்லை” என்றவர், தேனீக்களைப் பெட்டிக்கே திருப்பி விட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துத் தேதி, பெட்டி எண், உண்ணிக் கணக்கு மூன்றையும் எழுதினார்.

வருமான வரித் துறைக்குக் கணக்கு வைப்பதுபோல் அவர் அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறார். ஒரு விதத்தில் அது வரிக் கணக்குதான்.

சந்தை விலையா, விளைச்சலா?

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. பள்ளிகள், கவுண்டி நிர்வாகம், தீயணைப்பு என உள்ளூர்ச் செலவுகளில் பெரும்பங்கைச் சொத்து வரிதான் சுமக்கிறது. கவுண்டிதோறும் ஒரு மதிப்பீட்டு அலுவலகம் உண்டு. ஜனவரி 1 அன்று உங்கள் நிலம் என்ன விலைக்குப் போகும் என்று அது கணக்கிடும். அந்த விலைக்குத்தான் வரி.

நகரம் நெருங்கி வரும்போது இதில் ஒரு கொடுமை நேர்கிறது. பக்கத்து நிலத்தை வீட்டுமனைக் கம்பெனி வாங்கினால் உங்கள் நிலத்தின் விலையும் ஏறும். மாடு தின்னும் புல் ஒரு பிடிகூடக் கூடியிருக்காது. வரி மட்டும் பல மடங்காகும். வரி கட்டுவதற்காகவே விவசாயி நிலத்தை விற்க வேண்டி வரும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் புறநகரங்கள் பரவியபோது இதுதான் நடந்தது. 1956-ல் மேரிலாந்து மாநிலம் ஒரு வழி கண்டது: நிலத்தை விற்றால் என்ன கிடைக்கும் என்று பார்க்காமல், உழுதால் என்ன கிடைக்கும் என்று பார்த்து வரி போடுவது. பிற மாநிலங்களும் தத்தம் வழியில் பின்தொடர்ந்தன. டெக்சாஸ் 1966-ல் தன் அரசியல் சாசனத்தைத் திருத்தி, விவசாயமே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு இதை வழங்கியது. 1978-ல் வந்த இன்னொரு திருத்தம் வாசலை அகலத் திறந்தது. வேறு வேலையில் இருப்பவரும், நிலம் உண்மையாகவே விவசாயத்தில் இருந்தால் போதும், உள்ளே வரலாம்.

ஊரில் எல்லோரும் இதை ‘ஆக் எக்ஸம்ப்ஷன்’ என்கிறார்கள். உண்மையில் இது விலக்கு அல்ல, வேறொரு மதிப்பீட்டு முறை. அந்த வகை நிலம் ஓர் ஏக்கருக்குத் தரக்கூடிய நிகர வருமானத்தின் ஐந்தாண்டுச் சராசரியை எடுத்து, சட்டம் சொல்லும் விகிதத்தால் வகுப்பார்கள். விகிதம் 10 சதவீதத்துக்குக் குறையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து ஏக்கரில் வீடும் சுற்றுப்புறமும் ஒரு ஏக்கர். அதற்குச் சலுகை இல்லை. மீதி ஒன்பது ஏக்கரின் சந்தை விலை ஏக்கருக்கு 30,000 டாலர், வரி 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வரி 5,400 டாலர். அதே மேய்ச்சல் நிலம் ஏக்கருக்கு 10 டாலர் நிகர வருமானம் தரும் என்றால், 10 சதவீத விகிதத்தில் மதிப்பு ஏக்கருக்கு 100 டாலர். ஒன்பது ஏக்கருக்கும் சேர்த்து வரி 18 டாலர்.

5,400 எங்கே, 18 எங்கே! சிறு நிலம் வாங்கும் ஒவ்வொருவரும் இந்தச் சலுகையைப் பற்றிக் கேட்பதில் வியப்பில்லை.

சிறு நிலத்துக்கு எது பொருந்தும்?

பத்து ஏக்கரில் நெல்லோ பருத்தியோ போட்டு யாரும் கவுண்டி அலுவலகத்தை நம்பவைக்க முடியாது. இங்கே முக்கியமான சொல் ‘செறிவு’. அந்த வட்டாரத்து விவசாயி சாதாரணமாக எவ்வளவு செய்வாரோ அந்த அளவு நீங்களும் செய்ய வேண்டும். அளவை ஒவ்வொரு கவுண்டியும் தனக்கெனக் குறித்து வைத்திருக்கிறது. வீட்டுக் காய்கறித் தோட்டம் கணக்கில் வராது. ஆசைக்கு வளர்க்கும் சவாரிக் குதிரையும் வராது.

ஆடு வளர்ப்பு வரும். ஒரு மாடு மேயும் இடத்தில் ஐந்தாறு ஆடு மேயலாம் என்பது பொதுக் கணக்கு. அதனால் மாட்டுக்குப் போதாத நிலத்திலும் ஆட்டுக்கு வழியுண்டு. நிலத்தை மாட்டுக்காரருக்கு மேய்ச்சல் குத்தகைக்கு விடலாம். வைக்கோல் புல் அறுக்கலாம்.

சிறு நிலக்காரர்களுக்குப் பெரிய கதவைத் திறந்தது 2011-ன் சட்டத் திருத்தம். தேனீ வளர்ப்பும் விவசாயமே என்றது அது. நிலம் 5 ஏக்கருக்குக் குறையாமலும் 20 ஏக்கருக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். பல கவுண்டிகளில் முதல் ஐந்து ஏக்கருக்கு ஆறு பெட்டி, அதன் பின் ஒவ்வொரு இரண்டரை ஏக்கருக்கும் ஒரு பெட்டி என்று கேட்கிறார்கள். நண்பரின் எட்டுப் பெட்டிக் கணக்கு அப்படி வந்ததுதான்.

இங்கே பலர் சறுக்குகிறார்கள். சரியாக ஐந்து ஏக்கர் வாங்கி, நடுவில் வீடு கட்டிவிடுவார்கள். வீட்டுக்கு ஒரு ஏக்கர் கழிந்தால் மிச்சம் நாலு. தேனீச் சலுகை கைநழுவிவிடும்.

ஏற்கெனவே விவசாய மதிப்பீட்டில் இருக்கும் நிலத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. 1995-ல் வாக்காளர்கள் ஏற்ற திருத்தத்தின்படி, அந்த நிலத்தை மண்ணுக்குரிய காட்டுயிர்களுக்காகப் பராமரிக்கலாம். வாழிடம் பேணுதல், மண்ணரிப்பு தடுத்தல், கொன்றுண்ணிகளைக் கட்டுப்படுத்துதல், கூடுதல் தண்ணீர், கூடுதல் உணவு, தங்குமிடம், எண்ணிக்கை எடுத்தல் என்னும் ஏழில் குறைந்தது மூன்றையாவது செய்ய வேண்டும். மாடு வளர்க்க முடியாமல் வயதாகிப் போனவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

நண்பர் நிலம் வாங்கும்போது தரகர் “இங்கே சலுகை உண்டு” என்றாராம். இருந்தது உண்மை. ஆனால் முந்தைய உரிமையாளர் பல ஆண்டுகள் நிலத்தைச் சும்மா போட்டிருந்தார். முந்தைய ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டாவது நிலம் விவசாயத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது சட்டம். நகர எல்லைக்குள் இருந்தால் விதி இன்னும் கடுமை. வரலாறு அறுந்த நிலம் என்றால், முழு வரியையும் கட்டிக்கொண்டே ஐந்தாண்டு விவசாயம் செய்து காட்ட வேண்டும்.

ஆகவே, முன்பணம் கொடுக்கும் முன்பே கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்துக்குப் போய் நிலத்தின் ஏழாண்டு வரலாற்றைக் கேளுங்கள். செறிவு விதிகளை எழுத்தில் வாங்குங்கள். வரலாறு அறாத நிலமாகவே இருந்தாலும், கைமாறினால் புதிய உரிமையாளர் தன் பெயரில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள் ஏப்ரல் 30. வாங்கியவர் சும்மா இருந்துவிட்டால் சலுகை போய்விடும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சலுகையில் இருந்த நிலத்தை மனை போட்டாலோ வேறு பயனுக்கு மாற்றினாலோ, முந்தைய மூன்று ஆண்டுகளின் வரி வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். 2019 வரை இது ஐந்தாண்டுக்கு வட்டியோடு இருந்தது. 2021-ல் வட்டியும் நீங்கியது. நம் கணக்கில் அந்தத் தொகை 16,146 டாலர். நிலத்தின் மீதே ஏறும் பாக்கி இது.

பேருக்கு விவசாயம் வேண்டாம்

ஆய்வாளர் வரும் நாளுக்கு மட்டும் நாலு மாட்டை இரவல் கேட்பவர்களும், பூச்சி தின்று காலியான பெட்டிகளை வேலியோரம் அடுக்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள். நியூஜெர்சியில் 1964-ன் சட்டம் முதல் ஐந்து ஏக்கருக்கு ஆண்டுக்கு 500 டாலர் விற்பனை இருந்தால் போதும் என்றது. பேருக்கு விவசாயம் செய்பவர்கள் பெருகிவிட்டார்கள் என்ற புகாருக்குப் பிறகு, 2013-ல் அதை 1,000 டாலராக்கினார்கள்.

ஏய்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவர்கள் கட்டாத பணம் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய பணம். அதைவிட, உண்மையான சிறு விவசாயிகளின் மேல் ஊராரின் சந்தேகம் விழ அவர்களே காரணமாகிறார்கள். சந்தேகம் வளர்ந்தால் விதிகள் இறுகும். அடிபடுவது ஆறு பெட்டியோடு நேர்மையாகத் தொடங்குகிறவர்தான். நிலத்தை நிலமாகவே வைத்திருப்பதற்குச் சமூகம் தரும் கூலி இந்தச் சலுகை. வேலை செய்யாமல் கூலி கேட்கக் கூடாது.

எட்டாவது பெட்டியை மூடும்போது வெயில் ஏறியிருந்தது. நண்பர் நோட்டை என்னிடம் நீட்டினார். சர்க்கரைப் பாகு வாங்கிய ரசீது, தேதியிட்ட படங்கள், விற்ற தேன் புட்டிகளின் கணக்கு என்று பக்கம் பக்கமாக ஒட்டியிருந்தன. அவருக்கு இது மூன்றாவது ஆண்டு. இந்த ஜனவரியிலும் முழு வரியைத்தான் கட்டினார். விண்ணப்பிக்க இன்னும் மூன்று ஏப்ரல் காத்திருக்க வேண்டும்.

“வரி குறையும்னுதான் ஆரம்பிச்சேன் அண்ணே” என்றார், கையுறையைக் கழற்றியபடி. “இப்போ ஜூலையில மழை இல்லைன்னா வரி ஞாபகத்துக்கு வர்றதில்லை. இதுங்க எதைச் சாப்பிடும்னுதான் கவலை வருது.”

அதற்காகவே வேலியோரம் காட்டுப் பூ விதை தூவியிருந்தார். முளைத்திருந்த இடங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் போய்க் காட்டிய பிறகுதான் என்னைக் காருக்குப் போகவிட்டார்.